ஊருக்கெல்லாம் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை வயசுக்கு வந்துவிட்டால் அந்தச் செய்தி ஊர் முழுக்கப் பரவ ஒரு வாரம் போதும். பஸ் ஸ்டாப்பில் பத்துக்கு எட்டு ஃப்ளெக்ஸ். 'பூப்புனித நீராட்டு விழா' என்று கொட்டை எழுத்து. நடுவில் பட்டுப் புடவையில் அந்தப் பிள்ளை, மேலே தலைவர்கள் படம், கீழே தாய்மாமன்கள் வரிசையாக செல்போன் பேசியபடி. மண்டபம், மைக் செட், சீர்வரிசைத் தட்டு, பந்தியில் ரெண்டு இனிப்பு, வாசலில் மொய் நோட்டு. (பி.காம். படிக்கிறவனுக்கு வாழ்க்கையில் முதலில் கண்ணில் பட்ட லெட்ஜர் அதுதான். யார் எவ்வளவு வைத்தார்கள், நாம் திருப்பி எவ்வளவு வைக்க வேண்டும் என்று பைசா பிசகாது.)

இவ்வளவும் நடக்கும். ஆனால் அந்த விழா நாயகியைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் உடம்புல என்னம்மா நடந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். "நான் பெரிய மனுஷி ஆயிட்டேனாம்" என்பாள். அந்த 'ஆம்' தான் எனக்கு உறுத்துகிறது. அவள் உடம்பைப் பற்றிய செய்தியே அவளுக்கு யாரோ சொல்லிக் கேள்விப்பட்ட செய்தியாக இருக்கிறது.

ஆண் பிள்ளை கதை இன்னும் மோசம். அவனுக்கு ஃப்ளெக்ஸும் இல்லை, உளுந்தங்களியும் இல்லை. ஒரு நாள் குரல் உடையும். "என்னடா எருமை மாதிரி கத்துற?" என்று வீட்டில் சிரிப்பார்கள். சடங்கு அத்தோடு முடிந்தது.

இப்போதே ஒரு டிஸ்கி போட்டுவிடுகிறேன். நான் டாக்டருக்குப் படிக்கவில்லை. டெபிட், கிரெடிட் பார்க்கிற ஆசாமி. இவனுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்பவர்களுக்கு பதில் கீழே இருக்கிறது.

எங்கள் கல்லூரி என்.எஸ்.எஸ். முகாம் ஏழு நாள் ஒரு கிராமத்தில் நடந்தது. காலையில் ரோடு ஓரம் முள் வெட்டுவது, மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு சுண்ணாம்பு அடிப்பது, சாயங்காலம் ஏதாவது ஒரு விழிப்புணர்வு நிகழ்ச்சி. மூன்றாம் நாள் நிகழ்ச்சியின் பெயர் 'வளரிளம் பருவம்'. கிராம சுகாதார செவிலியர் வந்திருந்தார். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பெண்களை உள்ளே உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். பையன்களை வெளியே கூட்டிப் போய் கிரிக்கெட் ஆட வைக்கச் சொல்லி என்னிடமும் இன்னொரு நண்பனிடமும் பேட்டைக் கொடுத்தார்கள்.

ஆட்டம் நடக்கவே இல்லை. பந்து ஜன்னல் பக்கம் போனால் எடுக்கப் போனவன் திரும்பி வருவதில்லை. கடைசியில் ஒரு பையன் நேராகவே கேட்டான். "அண்ணா, உள்ள அவங்களுக்கு என்ன சொல்றாங்க? எங்களுக்கு எப்ப சொல்லுவாங்க?"

எங்கள் திட்ட அலுவலர் நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும் மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் மேடத்தையே பையன்களுக்காக வரவழைத்தார். மேடம் வந்ததும் ஒரு காலி பிஸ்கட் டப்பா கேட்டார். எல்லோருக்கும் துண்டுச் சீட்டு கொடுத்து, பெயர் எழுதாமல் மனசில் இருப்பதை எழுதிப் போடச் சொன்னார். சீட்டுகளைப் பிரித்து வாசித்துக் கொடுக்கும் உத்தியோகம் எனக்கு.

வில்லங்கமான கேள்விகளாக வரும் என்று நினைத்தோம். வந்தவை இவை.

'என் கிளாஸ்ல எல்லாருக்கும் மீசை வந்துருச்சு. எனக்கு வரல. வருமா?'

'எனக்கு நெஞ்சு பொம்பள பிள்ள மாதிரி வீங்குது. வலிக்குது. சட்டை கழட்டி குளிக்க கூச்சமா இருக்கு.'

'ஒரு விதை கீழ எறங்கி இருக்கு. ஆபரேஷன் பண்ணணுமா?'

'எங்க அக்கா மாசா மாசம் வயித்த புடிச்சிட்டு அழுவுது. கேட்டா போடாங்குது. நான் என்ன செய்யணும்?'

அப்புறம் நாலாக மடித்த ஒரு சீட்டு. 'தூங்கும் போது டவுசர் ஈரம் ஆகுது. உடம்பு கரையுற வியாதின்னு சொல்றாங்க. செவுத்துல போட்டிருக்க டாக்டருக்கு எவ்வளவு பீஸ் ஆகும். என்கிட்ட 340 ரூபா இருக்கு.'

முந்தைய சீட்டுகளுக்கெல்லாம் பையன்கள் ஒருத்தனை ஒருத்தன் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். இந்தச் சீட்டுக்கு யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அப்போது புரிந்தது, அது ஒருத்தனுடைய கேள்வி மட்டும் இல்லை.

டாக்டர் மேடம் ஒவ்வொன்றாகச் சொன்னார். மீசை வருவதற்கு எல்லோருக்கும் ஒரே தேதி கிடையாது. பையன்களுக்குப் பருவ மாற்றம் 9 வயதிலிருந்து 14 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்கு ஓர் உத்தரவு போடும், பிட்யூட்டரி விந்தகத்துக்கு உத்தரவு போடும், விந்தகம் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும். உயரம், குரல், முடி, முகப்பரு எல்லாம் அதற்குப் பிறகுதான். (எங்கள் ஆபீஸ் மேனேஜ்மென்ட் பாடத்தில் வருகிற தலைமை அலுவலகம், மண்டல அலுவலகம், கிளை என்று நான் மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.) நெஞ்சு வீக்கம் இந்த வயதில் கிட்டத்தட்ட பாதிப் பையன்களுக்கு வருவது, ஹார்மோன் ஏற்ற இறக்கத்தால் வருவது, பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் தானே வற்றிவிடும். ஒரு விந்தகம் மற்றதைவிடக் கொஞ்சம் இறங்கி இருப்பதுதான் இயல்பு. திடீரென்று கடுமையாக வலித்தாலோ வீங்கினாலோ மட்டும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும்.

அந்த 340 ரூபாய்ச் சீட்டுக்கு வந்தபோது குரலை இறக்கிப் பேசினார். "தம்பிகளா, தூக்கத்துல விந்து வெளியேறுறது வியாதி இல்ல. விந்தகம் வேலைய ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். வாய்ல எச்சி ஊறுற மாதிரி அது தினமும் உற்பத்தி ஆகிட்டே இருக்கும். ரத்தம் விந்தா மாறுறது கிடையாது. உடம்பு கரையாது, ஞாபக சக்தி போகாது. இதுக்கு மருந்தே தேவையில்ல. யாராவது மருந்து குடுத்தா அவன் உங்க காச எடுக்கிறான்னு அர்த்தம். அந்தக் காசுல முட்ட வாங்கித் தின்னுங்கடா."

அப்போதுதான் பையன்கள் சிரித்தார்கள். அப்படி ஒரு சிரிப்பை நான் அந்த முகாமில் வேறு எங்கும் கேட்கவில்லை.

சரி, இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். சந்தை என்று ஒன்று உண்டானால் அதில் விற்கப்படுவது என்ன என்று கேட்க வேண்டும் என்பார் எங்கள் புரொபசர். பஸ் ஸ்டாண்டு கழிவறைச் சுவரிலும், மின்கம்பத்திலும், ராத்திரி டிவியிலும் வருகிற அந்த லாட்ஜ் டாக்டர்கள் விற்பது லேகியமா? லேகியம் வெறும் டப்பாதான். உள்ளே இருப்பது பயம். பயத்தை அவர்களே உற்பத்தி செய்து, அவர்களே விநியோகம் செய்து, அவர்களே மாற்று மருந்தும் விற்கிறார்கள். கச்சாப் பொருளை மட்டும் நாம் இலவசமாகக் கொடுக்கிறோம். அதன் பெயர் மௌனம்.

விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாமல் இருந்தால் சந்தை கெட்டுப்போகும் என்று ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் வியாபாரத்தை வைத்து எழுதினார். 2001-ல் நோபல் பரிசை இன்னும் இருவரோடு பகிர்ந்துகொண்டார். பழைய கார் வாங்குகிறவனாவது ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போகலாம். பதிமூன்று வயதுப் பையன் யாரைக் கூட்டிப் போவான்?

இந்தப் பயத்துக்கு மருத்துவத்தில் ஒரு பெயரே இருக்கிறது. விந்து போனால் பலம் போகும் என்ற கவலையிலேயே சோர்ந்து, இளைத்து, தூக்கம் கெட்டு வருகிறவர்களைப் பார்த்த மனநல மருத்துவர் என்.என். விக் 1960-ல் இதைத் 'தாத் சிண்ட்ரோம்' என்று குறித்தார். விந்து போவதால் அவர்கள் இளைக்கவில்லை, கவலையால் இளைத்தார்கள். சட்டமும் நம் கையில் இல்லாமல் இல்லை. ஆண்மை விருத்தி, மாதவிடாய்க் கோளாறு போன்றவற்றுக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டின் மருந்துகள், மந்திர நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டத்துக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. சுவர் விளம்பரம் மட்டும் இன்னும் இளமையாக இருக்கிறது :-)

கதவுக்கு உள்ளே நடந்ததையும் பார்ப்போம். உள்ளே இருந்த எங்கள் செட் தோழியிடம் பிறகு கேட்டேன். பெண் பிள்ளைகள் கேட்டவற்றில் முக்கால்வாசி ஒரே கேள்வியின் வேறு வேறு வடிவம் என்றாள். 'இது கெட்ட ரத்தமா?' வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள். கெட்ட ரத்தம் வெளியேறுகிறது, அதனால் ஊறுகாய்ப் பானையைத் தொடாதே, துளசிச் செடிப் பக்கம் போகாதே.

அதில் கெட்டது எதுவுமே இல்லை. ஒவ்வொரு மாதமும் கரு தங்கினால் அதற்கு மெத்தை வேண்டுமே என்று கருப்பை தன் உட்சுவரைத் தடித்து வைக்கிறது. கரு தங்காதபோது அந்த மெத்தை கரைந்து ரத்தத்தோடு வெளியே வருகிறது. பார்க்க நிறைய மாதிரி தெரிந்தாலும், ஒரு சுழற்சிக்குப் பெரும்பாலும் 30 முதல் 40 மில்லி ரத்தம்தான் போகிறது. முதல் ஓரிரு வருடங்களில் தேதி முன்னே பின்னே ஆவதும் சகஜம். அந்த வயதில் 21 நாளிலிருந்து 45 நாள் வரை இடைவெளி இருக்கலாம். 28 நாள் கணக்கு தவறினாலே பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, வலியால் மாதா மாதம் பள்ளிக்கே போக முடியவில்லை என்றாலோ, 15 வயது முடிந்தும் வரவில்லை என்றாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். 'பொம்பளைன்னா அப்படித்தான்' என்று பல்லைக் கடிக்க வைப்பது வைத்தியம் ஆகாது.

இந்த இடத்தில் ஜி.எஸ்.டி. பற்றிப் பேசாவிட்டால் என் டிகிரிக்கு மரியாதை இல்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது குங்குமம், பொட்டு, வளையலுக்கு வரி இல்லை, சானிட்டரி நாப்கினுக்கு 12 சதவீதம். நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பி 2018 ஜூலையில் வரியை நீக்கினார்கள். நல்ல விஷயம். (விலக்கு பெற்ற பொருளைத் தயாரிப்பவர் மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாது. அதனால் விலை முழுசாக 12 சதவீதம் இறங்கிவிடும் என்று சொல்ல முடியாது. பரீட்சையில் வரும், குறித்துக்கொள்ளுங்கள்.) தமிழ்நாட்டில் 2012-ல் தொடங்கிய 'புதுயுகம்' திட்டத்தில் கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கு நாப்கின் இலவசமாகவே கொடுத்தார்கள். வரி போனது, இலவசமும் வந்தது. மெடிக்கல் ஷாப் அண்ணன் மட்டும் இன்னும் அதை நியூஸ் பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, திருட்டுப் பொருள் மாதிரி நீட்டுகிறார். அந்தப் பேப்பருக்கு எந்த கவுன்சில் கூடி விலக்கு அளிப்பது?

இவ்வளவும் பாடப் புத்தகத்தில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. எட்டாம் வகுப்பு அறிவியலில் 'வளரிளம் பருவமடைதல்' என்று ஒரு பாடமே இருக்கிறது. நாங்கள் படித்தபோது அது எப்படி நடந்தது என்று என் வகுப்புக்காரர்கள் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "இது ஈஸி பாடம், வீட்ல படிச்சுக்கோங்க." பூவின் நீள்வெட்டுத் தோற்றத்தை மட்டும் கலர் பென்சில் வைத்து மூன்று தடவை வரைய வைத்தார்கள். சூலகம், சூல்முடி எல்லாம் பூவுக்கு இருந்தால் போதும் போல.

நடத்தினாலும்கூட ஒரு சிக்கல் இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்குப் பருவ மாற்றம் 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் தொடங்குகிறது. எட்டாம் வகுப்பில் பிள்ளைக்கு வயது 13. வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் சடங்கே முடிந்திருக்கும். கெடு தேதி முடிந்த பிறகு ரிட்டர்ன் எப்படித் தாக்கல் செய்வது என்று சொல்லிக் கொடுக்கிற மாதிரி இது. அபராதம் கட்டியது பிள்ளை. ஐந்தாம் வகுப்பிலோ ஆறாம் வகுப்பிலோ, அது வருவதற்கு முன்னால் சொல்லியிருந்தால், பாத்ரூமில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு 'நான் சாகப் போறேன்' என்று ஒரு பிள்ளையும் அழ வேண்டியதில்லை.

இன்னொரு சங்கடம் சொற்கள். நம்மிடம் இந்த உறுப்புகளுக்கு ரெண்டு தமிழ் இருக்கிறது. ஒன்று புத்தகத் தமிழ்: விந்தகம், அண்டகம், கருப்பை. அதை யாரும் வாயால் சொல்வதில்லை. இன்னொன்று கெட்ட வார்த்தைத் தமிழ். தெருச்சண்டையில் தாராளமாகப் புழங்கும், வீட்டில் சொன்னால் அடி விழும். நடுவில் வீட்டில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேச ஒரு சொல் இல்லை. மாதவிடாய்க்கு 'தூரம்', 'வீட்டுக்கு வெளியே', 'தலைக்கு ஊத்திக்கிட்டா' என்று சுற்றி வளைக்கிறோம். பெரியவர்களுக்கு இது வெறும் கூச்சம். பிள்ளைக்கு இது ஆபத்து. போக்சோ சட்டம் 2012-ல் வந்தது, 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு தருகிறது, 1098-க்கு இலவசமாகப் போன் செய்யலாம். எல்லாம் சரி. போனை எடுத்தவரிடம் 'இங்கே தொட்டார்' என்று சொல்ல அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை இருக்க வேண்டாமா? கெட்ட வார்த்தை என்று நாம் அடித்து அடக்கிய சொல்லை அது எப்படி ஒரு போலீஸ் அக்காவிடம் சொல்லும்?

'இதெல்லாம் சொன்னா பிள்ளைங்க கெட்டுப் போயிடும்' என்பதுதான் கடைசி ஆயுதம். இது பழைய சண்டை. 2005-ல் மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டம் கொண்டுவந்தது. 2007-ல் மகாராஷ்டிரா, கர்நாடகா, மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்கள் நம் கலாச்சாரத்துக்கு ஒத்துவராது என்று அதைத் தடுத்தன. 2009-ல் மாநிலங்களவையின் மனுக்கள் குழுவும் பள்ளியில் பாலியல் கல்வி வேண்டாம் என்றே அறிக்கை கொடுத்தது. அதே 2009-ல் யுனெஸ்கோ வெளியிட்டு 2018-ல் திருத்திய வழிகாட்டி, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இந்தக் கல்வி பிள்ளைகளைச் சீக்கிரமாக உடலுறவில் தள்ளுவதில்லை என்கிறது. 2024 செப்டம்பரில் நம் உச்ச நீதிமன்றமும், சிறார் ஆபாசப் படம் தொடர்பாகச் சென்னையிலிருந்து போன வழக்கில் தீர்ப்புச் சொல்லும்போது, பாலியல் கல்வியால் ஒழுக்கம் கெடும் என்பது தவறான எண்ணம் என்று எழுதி, முறையான பாலியல் கல்வியைக் கொண்டுவரப் பரிந்துரைத்தது.

ஆய்வு, தீர்ப்பு எல்லாம் தள்ளி வையுங்கள். அந்த பிஸ்கட் டப்பாவை நினைத்துப் பாருங்கள். கெட்டுப் போக வழி கேட்டு ஒரு சீட்டு இல்லை. 'நான் நல்லாத்தானே இருக்கேன்?' என்றுதான் எல்லோரும் கேட்டிருந்தார்கள். கதவைச் சாத்தி ஒரு பாதிக்கு மட்டும் சொன்னால் மறு பாதி ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும். அக்கா அழுவதைப் பார்த்து என்ன செய்யணும் என்று கேட்டானே, அவனை உள்ளே உட்கார வைத்திருந்தால் வெந்நீர் ஒத்தடம் வைக்கக் கற்றிருப்பான். நாளைக்குக் கடையில் கூச்சப்படாமல் நாப்கின் வாங்கி வருவான். பிறகொரு நாள் ஒரு பெண் பிள்ளைக்கு அப்பனாகவும் ஆவான்.

அரசாங்கம் பாடத்தை மாற்றட்டும், வாத்தியார் நடத்தட்டும். அதுவரை நம் வீடுகளில் ஒன்பது, பத்து வயதில் ஒரு தம்பியோ தங்கச்சியோ, சித்தப்பா பையனோ அத்தை பெண்ணோ இருக்கத்தான் செய்வார்கள். அப்பா அம்மாவுக்கு வாய் வராது. நமக்கு வரும். நமக்கும் அவர்களுக்கும் பத்துப் பன்னிரண்டு வயதுதான் வித்தியாசம். பெரிய சொற்பொழிவு வேண்டாம். பைக்கில் போகும்போது, கேரம் ஆடும்போது, இவ்வளவு சொன்னால் போதும்.

"கொஞ்ச நாள்ல உன் உடம்பு மாற ஆரம்பிக்கும். பொண்ணுங்களுக்கு மாசா மாசம் ரத்தம் வரும், பசங்களுக்குத் தூக்கத்துல ஈரமாகும். ரெண்டுமே வியாதி இல்ல, ரெண்டுமே தப்பு இல்ல. எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்துச்சு. எதுவா இருந்தாலும் என்கிட்ட கேளு. எனக்குத் தெரியலன்னா டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் சேர்ந்து போயிக் கேட்போம்."